உப்பு அதிகாரியின் மகள் தூங்குகிறாள்

முதல் வரிசையில் உட்காரக் கூடாதாம். நான் போய்ப் புடவையை ஒதுக்கி உட்காரப் போன பிறகுதான் மருந்துக்கடைத் தவுக்கே என் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார், அது அவங்களுக்கு என்று. யாருக்கு என்றேன். செத்தவங்களுக்கு என்றார், அரைக் காசு மருந்தைத் தாளில் மடித்துத் தருகிற அதே குரலில். சீனர்களுக்கு இது ஆவிகளின் மாதம். கோயில் வாசலில் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய மேடையில் ஆடுகிற கூத்தே அவர்களுக்காகத்தான், உயிரோடிருக்கிற நாம் பின்னால் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொள்ளலாம். அதனால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு முன்னால் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருக்கின்றன, மதிய வெயிலில் அவற்றின் முதுகு பளபளக்கிறது, ஒருவேளை ஒரு நாற்காலியில் யாராவது உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்து, இந்தத் தமிழச்சிக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டில் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தம்பி முகிலன் நம்பிவிட்டான், அவனுக்குத் தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி ரேவதிதான் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாம்பழ நிறத்தில் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு, காதில் ஜிமிக்கி போட்டுக்கொண்டு பல் பிடுங்கப் போகிறவளை அவள் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. வலி ரொம்பவா அண்ணி என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்தக் கன்னம் என்பது மறந்துபோய் வாசலில் செருப்புப் போடும்போது மற்றதைப் பிடித்திருந்தேன் போல, அவள் சிரித்த மாதிரி இருந்தது. நாற்பத்தாறு வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொள்வது, நாற்பத்தாறு வயதில் சைக்கிள் கற்றுக்கொள்வது மாதிரி. அய்யோ, சைக்கிளை ஏன் நினைத்தேன். வேண்டாம். மேடையைப் பார். மேளத்தை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பக்கத்தில் தவுக்கே உட்கார்ந்திருக்கிறார், சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, முழங்கால்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி. கூ கெங் ஹுவாட் என்பது அவர் பெயர். கடை முதலாளிகளை எல்லாம் தவுக்கே என்றுதானே கூப்பிடுவது, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என் பெயர் புனிதவதி, எல்லாருக்கும் வெறும் புனிதம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன், பக்கத்துக் கடை அவருடைய மருந்துக்கடை. எங்கள் கடையில் கண்ணாடி துடைக்கிற திரவத்தின் வாடை, அவர் கடையில் வேர், பட்டை, காய்ந்த காளான், காய்ந்த கடல்குதிரை எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. இரண்டும் கடைகளுக்கு முன்னால் ஓடுகிற ஐந்தடிப் பாதையில் சந்தித்துக்கொள்ளும். அவருடைய அப்பா ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில், மளிகைக்கடை வைத்திருந்தவர், அதனால் தவுக்கே பேசுவது தோட்டத்துத் தமிழ், என் தமிழைவிடச் சுத்தமான தமிழ். எல்லாரையும் வா, போ, என்னடா மாமா காலு வீங்கிடுச்சா என்றுதான் பேசுவார், எண்பது வயதுக் கிழவரையும். என்னிடம் மட்டும் வாங்க, போங்க. அந்த 'ங்க'வை எப்போது கவனித்தேன்? கவனித்த நாளிலிருந்து அது என் காதில் ஒரு சின்ன மணி மாதிரி. வாங்க, டிங். உட்காருங்க, டிங். எங்கள் ஊர் தைப்பிங்கில் தினமும் மழை பெய்யும், மழை பெய்தால் வாடிக்கையாளர் வரமாட்டார்கள், வராவிட்டால் நான் அவர் கடை மேசை முன்னால் போய் நிற்பேன், அவர் கதை சொல்வார். பழைய சீனக் கதைகள். அவருடைய அம்மா சொன்னவை. எல்லாமே காதல் கதைகள், எல்லாவற்றிலும் யாராவது தூங்குவார்கள். ஒரு பெண் கனவில் ஒருவனிடம் குடையை இரவல் வாங்குகிறாள், விழித்துப் பார்த்தால் அறையின் மூலையில் ஈரக்குடை சொட்டிக்கொண்டு நிற்கிறது, திருப்பிக் கொடுக்க ஊர் ஊராக அவனைத் தேடிப் போகிறாள். இன்னொரு கதையில் கணவன் தூரதேசத்தில் உத்தியோகம், அவனும் மனைவியும் கனவிலே ஒரு பாலத்தில் சந்திப்பதாக ஏற்பாடு, ஒருநாள் அவனுக்குக் கணக்கு வேலையில் தூக்கமே இல்லை, பாவம் அவள் பாலத்தில் பனியில் நின்று நின்று, காலையில் எழும்போது அவளுக்குச் சளி. அதோடு கதை நிற்கும். அந்தச் சளிக்கு என்ன வேரைக் காய்ச்சிக் குடித்தாள் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போவார், அந்த வேரை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு. நான் அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்ப்பேன். நம் பழைய பாட்டுகளில் காதல் வந்தவளுக்குத் தூக்கம் போய்விடும். ஊரே தூங்கும், அவள் மட்டும் விழித்திருப்பாள், கடலோடும் நாரையோடும் சண்டை போடுவாள். இவர்கள் கதையில் தூங்கினால்தான் காதலே வரும். எது சௌகரியம் என்று யோசித்தால் இதுதான். நாரையோடு சண்டை போடுகிற வயதா எனக்கு.

மேடையில் ஒரு பெண் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் வெள்ளையும் ரோஜாவும் பூசியிருக்கிறது, கையின் ஓரத்தில் தொங்குகிற வெள்ளைத் துணி தண்ணீர் மாதிரி அலைகிறது. தவுக்கே என் பக்கம் சாயாமல், நேராகப் பார்த்தபடியே தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறார். உப்புக்கு வரி வாங்குகிற அதிகாரியோட மவ. சாப்பிட்டுட்டு ஊஞ்சல்ல கண்ண மூடுறா. கனவுல ஒருத்தன் வாரான், ஏழைப் படிப்பாளி, கையில ஒரு பேரிக்காய். பாதிய அவளுக்குக் குடுக்கிறான். அந்தப் படிப்பாளி வேடத்தில் வந்திருப்பது ஒரு பெண், நடையைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனாலும் பேரிக்காயை நீட்டுகிற அந்தக் கை, அதற்குள் என்ன பயம், என்ன ஆசை. அந்தப் பெண் வாங்குகிறாள், கடிக்கிறாள், விழிக்கிறாள். விரலில் பழச்சாறு. அதே நேரத்தில் வேறொரு ஊரில் ஒரு கோயில் தாழ்வாரத்தில் அந்தப் படிப்பாளியும் விழிக்கிறான், பக்கத்தில் வைத்திருந்த பேரிக்காயில் பாதியைக் காணோம். எல்லாக் கதையிலும் இப்படித்தானே. ஒருத்தர் மட்டும் கண்ட கனவு என்று இவர்களிடம் கிடையாது. இவள் கண்டால் அவனும் கண்டிருப்பான். இதுதான் என் தலைவலி. ஏனென்றால் நானும் ஒன்று கண்டேன். மாரியம்மன் கோயில் தீமிதிக்கு முந்தின வாரம். ஏரிக்கரைச் சாலை, மழைமரங்களின் கிளைகள் தண்ணீர் வரைக்கும் வளைந்து கிடக்கின்றன, நான் சைக்கிள் ஓட்டுகிறேன். எனக்குச் சைக்கிள் தெரியாது. பின்னால் தவுக்கே உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஒரு டுரியான் பழம், முள் குத்தாமலிருக்க அதன்கீழ் செய்தித்தாள். அவ்வளவுதான் கனவு. யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் சாலை இறக்கமாக இருந்தது, நான் பெடலை விட்டுவிட்டேன், நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம், நான் சிரித்துக்கொண்டிருந்தேன், என் முதுகுக்குப் பின்னால் அவரும் சிரிக்கிறார் என்பது அவர் சிரிப்பதைக் கேட்காமலே எனக்குத் தெரிந்தது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் வாய் சிரித்தபடியே இருந்தது. காலையில் கடையின் இரும்புக்கதவைத் தூக்கிவிட்டுத் திரும்புகிறேன், தவுக்கே ஐந்தடிப் பாதையில் நிற்கிறார், ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா என்று கேட்கிறார். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சூடு. தெரிந்துவிட்டது, அவரும் கண்டிருக்கிறார், டுரியானைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தது அவருக்கும் ஞாபகமிருக்கிறது. கைப்பையைத் தேடுகிற மாதிரி குனிந்து உள்ளே ஓடிவிட்டேன். பிறகு யோசித்தால், அவர் மருந்துக்காரர், வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். தூங்குனியா, வெளிக்கிப் போச்சா. இரண்டாவதை என்னிடம் கேட்டதில்லை, அது ஒரு மரியாதை. ஆனாலும் அன்றிலிருந்து அவர் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் இவருக்குத் தெரியுமா தெரியாதா, தெரியுமா தெரியாதா, ஊஞ்சல் மாதிரி.

உப்பு அதிகாரியின் மகள் மறுபடி தூங்கப் போகிறாள். அவனைப் பார்க்கவேண்டும், பார்க்கிற வழி அது ஒன்றுதான். தூங்கினவ எந்திரிக்கவே இல்ல, மூணு வருசம், என்கிறார் தவுக்கே. மேடையின் நடுவில் ஒரு கட்டில், அதில் அவள் நீளமாகப் படுத்துவிட்டாள், மேலே பட்டுத் துணி. அப்பாக்காரர் வருகிறார், தாடியை இழுத்து இழுத்துப் பாடுகிறார், வைத்தியர்கள் வருகிறார்கள், நாடி பார்க்கிறார்கள், தவுக்கே அவர்கள் நாடி பிடிக்கிற விரலைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டுகிறார், தப்பான இடத்தில் பிடிக்கிறார்கள் போல. எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்போடு கூடவே அது வருகிறது, ஜொகூர். போன வாரம் சொன்னார், ரொம்பச் சாதாரணமாக, இழுப்பறையில் எலுமிச்சைத் தோலை அடுக்கிக்கொண்டே. நாட்டின் தெற்குக் கோடியில், ஜொகூரில் இருக்கிற மகன் கூப்பிடுகிறானாம், மருமகள் நல்லவளாம், வீட்டில் ஒரு அறை ஒதுக்கிவிட்டார்களாம். கடையை வாங்க ஒரு ஆள் வந்து அளந்துவிட்டும் போயிருக்கிறான், கைத்தொலைபேசி விற்கப் போகிறானாம். நல்லதுதானே தவுக்கே என்றேன். நாக்கே, உன்னை என்ன செய்தால் தகும். நல்லதுதானே. அவருடைய மனைவி போய் எத்தனையோ வருடமாயிற்று, தனியாக இருக்கிறார், மகனோடு இருந்தால் நல்லதுதான், அதில் ஒரு பொய்யும் இல்லை, ஆனால் அதைச் சொன்னது நானில்லை, பக்கத்துக் கடையில் வேலை செய்கிற ஒரு பெண்மணி. அவர் ஒரு நிமிடம் தோலை அடுக்குவதை நிறுத்தினார். ஞாயித்துக்கிழமை கூத்து இருக்கு, கனவுக் கதை, பாக்குறீங்களா என்று கேட்டார். அதனால்தான் இந்தப் புடவை. என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? யாராக இருந்தால் சொல்லலாம்? எனக்கு இரண்டு தடவை மாப்பிள்ளை பார்த்தார்கள், ஒருவன் சிங்கப்பூர் போய்விட்டான், இன்னொருவன் வீட்டில் ஜாதகம் சரியில்லை என்றார்கள், அப்புறம் அப்பா படுத்துவிட்டார், அப்புறம் எல்லாரும் என்னைக் கேட்பதை விட்டுவிட்டார்கள், யாரும் கேட்காததை நானும் கவனிக்கவில்லை, வேலை, வீடு, முகிலனின் பிள்ளைகள், கண்ணாடி, கண்ணாடிக்குள் மற்றவர்களுடைய கண்கள். துக்கமெல்லாம் இல்லை. துக்கப்படுகிற ஆளில்லை நான். முகிலன் என்ன சொல்வான். அக்கா, சீனனா என்பான். பிறகு, அவர் பன்னி சாப்பிடுவாரே என்பான். பிறகு, ஊர் என்ன சொல்லும் என்பான். ரேவதி ஒன்றும் சொல்லமாட்டாள், கன்னத்தை ஞாபகம் வைத்திருப்பாள். இப்படி எல்லாம் யோசிக்கிறேனே, அவர் என்னிடம் என்ன கேட்டார்? கூத்துப் பார்க்கிறீங்களா என்று கேட்டார். ஆவிகளும்தான் பார்க்கின்றன. கூத்துக்குக் கூப்பிட்டதற்கு மூன்று பிள்ளை பெற்று வளர்க்கிற அளவுக்கு யோசிக்கிறாயே புனிதம். இல்லை, ஆனால் அந்த எலுமிச்சைத் தோல். அதை அடுக்குவதை ஏன் நிறுத்தினார். கனவு கண்டிருந்தால் நன்றாயிருக்கும். அவரும் கண்டிருந்தால் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, பாதிப் பேரிக்காய் போதும். ஒருவேளை இன்றைக்கே, இந்தக் கதை முடியும்போது, அவரே என் பக்கம் திரும்பி, புனிதம், அந்தச் சைக்கிள் என்று ஆரம்பித்துவிடுவாரோ. மகமாயி, ஆரம்பித்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்.

இப்போது படிப்பாளி வந்துவிட்டான். பரீட்சை தேறி, தொப்பியில் இரண்டு பக்கமும் சிறகு முளைத்து, பெரிய உத்தியோகஸ்தனாக. வீட்டைப் பார்க்கிறான், ஊஞ்சலைப் பார்க்கிறான், இது நான் வந்த இடமாச்சே என்று பாடுகிறான். கட்டிலருகே போகிறான். இப்ப அவன் ஒரு பாட்டுப் பாடுவான், அதுல அவ கண்ணத் தெறப்பா, என்று தவுக்கே என்னைத் தயார்ப்படுத்துகிறார். பாடுகிறான். வயலின் மாதிரி ஒன்று கூடவே அழுகிறது. பாட்டு முடிகிறது, மேளம் ஒரு தட்டுத் தட்டுகிறது, அவன் கையை நீட்டியபடி நிற்கிறான். அவள் எழுந்திருக்கவில்லை. இது சோகக் கட்டம் போல என்று நினைத்தேன். அவன் கடைசி அடியை இன்னொரு முறை பாடுகிறான், மேளம் இன்னும் பலமாக. அவள் அசையவில்லை. தவுக்கே நெற்றியைச் சுருக்குகிறார். அப்போதுதான் கேட்டது, மேடையில் தொங்குகிற ஒலிவாங்கி எல்லாவற்றையும் பொறுமையாகப் பிடித்து எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கர்ர். கொஞ்சம் இடைவெளி. கர்ர். உப்பு அதிகாரியின் மகள் நிஜமாகவே தூங்கிவிட்டாள். நேற்று ஒரு ஊரில் ஆட்டம், இன்று காலையில் லோரியில் வந்து இறங்கியிருப்பார்கள், மதிய வெயில், தகரக் கூரை, மேலே பட்டுத் துணி வேறு. தாளக்காரர் எழுந்து நின்று இரண்டு தட்டையும் மோதவிட்டார். கோயில் புறாக்கள் எல்லாம் பறந்தன. அவள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு கிழவி முதலில் சிரித்தாள், பிறகு அவளுக்குப் பக்கத்தில், பிறகு எல்லாரும். அந்தப் படிப்பாளி என்ன செய்வான் பாவம், மண்டியிட்டு, அவள் தோளைப் பிடித்து உலுக்கி, காதுக்குள் ஏதோ சொன்னான், அதையும் ஒலிவாங்கி விடவில்லை. என்ன சொன்னான் என்று தவுக்கேயைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர், பேச வரவில்லை, மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். "அக்கா, எந்திரி, உன் பாட்டு வந்துடுச்சு, எல்லாரும் பாக்குறாங்க அப்படிங்குறான்." அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கன்னத்து ரோஜா தலையணைக்குப் போய்விட்டிருந்தது. எங்களைப் பார்த்தாள். எழுபது வயதாவது இருக்கும் என்பது அப்போது தெரிந்தது. ஒரு நொடி விழித்தாள், பிறகு பிசிறில்லாமல், கையிலிருந்த வெள்ளைத் துணியை வீசி, பாடத் தொடங்கினாள். என்ன குரல் அது. சிரித்த வாய்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

நான் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலி நாற்காலிகளில் ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அங்கே யார் இருந்தாலும் மன்னிக்கட்டும். சிரித்துச் சிரித்து உள்ளே ஏதோ முடிச்சு அவிழ்ந்துவிட்டது, அது அவிழ்ந்த இடத்திலிருந்து பேச்சு தானாக வெளியே வந்தது, நான் அதை அனுப்பவில்லை.

"தவுக்கே, ஜொகூருக்குப் போகாதீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். கூத்து தொடங்கியதிலிருந்து அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பியது அதுதான் முதல்தடவை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, காது மட்டும் சூடாக இருந்தது.

"கடை போவக் கூடாதா, நான் போவக் கூடாதா?"

மருந்துக்காரர் அல்லவா, எங்கே வலி என்று சரியாகத் தெரிந்துகொள்ளாமல் மருந்து எடுக்கமாட்டார். நீங்கதான் என்றேன். கடை போனால் போகட்டும் என்றும் சொன்னேன். இவ்வளவு சொன்ன பிறகு மிச்சத்தை வைத்துக்கொள்வானேன் என்று சைக்கிளையும் சொல்லிவிட்டேன், ஏரிக்கரை, இறக்கம், டுரியான், செய்தித்தாள் எல்லாம். சொல்லிவிட்டு அவரையே பார்த்தேன், நீங்களும் கண்டீர்களா என்று கேட்கவும் கேட்டுவிட்டேன். அவர் ரொம்ப வருத்தமாக, இல்லை என்று தலையாட்டினார். அவருக்குக் கனவே வராதாம், சின்ன வயதிலிருந்தே, படுத்தால் கட்டையாம். அம்மா சொன்ன கதைகளில் எல்லாரும் கண்டதை அவர் ஒருநாளும் கண்டதில்லையாம். அடப்பாவமே, இந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்து எத்தனை காலை கைப்பையைத் தேடியிருக்கிறேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, கனவில்லை, ஆனால் ஒன்று உண்டு என்றார். காலையில் அவர் எனக்கு முன்னாலேயே வந்துவிடுவாராம். கதவைத் திறக்காமல் உள்ளே இருட்டிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாராம். பக்கத்தில் நான் இரும்புக்கதவைத் தூக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் தன்னுடையதைத் தூக்குவாராம். ஜொகூரில் அந்தச் சத்தம் இருக்காதே என்றுதான் ஒரு மாதமாகத் தூக்கம்கூடச் சரியில்லை என்றார். தனக்குத் தானே மருந்து கொடுத்துப் பார்த்தாராம், கேட்கவில்லையாம்.

அவர் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிள மிதிச்சது யாரு, நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப சரி. எனக்கு முட்டி வலி."

மேடையில் கல்யாணம் ஆகிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பு அதிகாரி தாடியை ஆட்டி ஆட்டிச் சம்மதிக்கிறார். அதைப் பார்த்ததும் தவுக்கேவுக்கும் என் வீடு ஞாபகம் வந்திருக்கவேண்டும், உங்கள் தம்பியிடம் நான் வந்து பேசட்டுமா, நீங்கள் பேசுகிறீர்களா என்று கேட்டார். முகிலன், பன்னி, ஊர், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தேன், எல்லாம் தெரிந்த முகங்கள்தான், அவற்றோடு பேசிவிடலாம் என்று தோன்றியது. நானே பேசுறேன் என்றேன். ரேவதியிடம் முதலில். அவளுக்குப் பாதி தெரியும். தூறல் விழ ஆரம்பித்துவிட்டது, தைப்பிங் மழை, யாரும் எழுந்து போகவில்லை, ஆளுக்கொரு குடையை விரித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் குடை இல்லை. தவுக்கே என்னைக் கூட்டிக்கொண்டு கோயில் தாழ்வாரத்துக்குப் போனார், தூண் தூணாக எரிகிற ஊதுபத்திகளின் புகைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டார். இப்போதேவா என்று கேட்கப் போனேன், கேட்கவில்லை. ஹொக்கியனில் பேசினார், எனக்கு அந்தப் பாஷையில் ஒன்று இரண்டு எண்ணத் தெரியும், அவ்வளவுதான். மகன் ஏதோ கேட்கிறான், இவர் ஏதோ சொல்கிறார், மறுபடி கேட்கிறான், இவர் குரல் கொஞ்சம் உயர்கிறது, பிறகு தணிகிறது. நான் மழையைப் பார்த்துக்கொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் புரியாத சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வேகமாக, யாரோ தெரியாதவர்களின் ஊர்வலம் மாதிரி போய்க்கொண்டே இருக்கின்றன, அவற்றின் நடுவில், எந்த அவசரமும் இல்லாமல், ஒரு எழுத்தும் சிதையாமல், புனிதவதி என்று ஒரு சொல் வந்தது.